சிலிண்டர் மிஷினுக்கு வைத்த பொட்டு

தம்பி,

இன்று காலை எழுந்து முகம் கழுவியதும் அடுப்படிக்குப் போகாமல் நேரே பட்டறைக்குத்தான் போனேன். உன் அப்பா டீக்கடைக்குக் கிளம்பியிருந்தார். மூலையில் எட்டு வருஷமாக அரிசிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிறதே சிலிண்டர் மிஷின், அதன் சாக்கை எடுத்தேன். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டேன். கைச் சக்கரத்தைப் பத்துத் தடவை மெதுவாக உருட்டினேன். பிறகு நூல் கோத்து, எருமைத் தோல் துண்டு ஒன்றை வைத்து ஒரு சாண் நீளம் தைத்தேன். துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மேலே எப்படியோ அடியிலும் அப்படியே. ஒரு தையல்கூடத் தொய்யவில்லை. அப்புறம்தான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. வேலையை விட்டாயிற்று, பல்லாவரத்தில் ஷெட் பிடித்தாயிற்று, விஜயதசமி அன்று மிஷின் இறக்கி முதல் தையல் போடப் போகிறேன் என்று நீ சொன்னபோது சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "ரெண்டுமே பிளாட் மிஷினா எடுத்துடுறேம்மா. சிலிண்டர் வேணாம், அது நூலை விட்டுரும். நம்ம வீட்லயே பாத்துட்டோமே" என்றாய். பக்கத்தில் இருந்த உன் அப்பா, "அப்படிச் சொல்லுடா. ராசியில்லாத சனியன் அது" என்றார். நான் அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று சொல்லிப் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

நீ செய்யப் போவது பை. பக்கவாட்டுத் தோல் வளைந்து திரும்புகிற, மூலை மடங்குகிற, வயிறு உப்பிய பைகள். பிளாட் மிஷின் மேசை மாதிரி தட்டையாக இருக்கும். விரித்துப் போட்டுத் தைக்கிற வேலைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் முக்கால்வாசி முடிந்த பையின் வாயை அதில் எப்படிச் சுற்றிவரத் தைப்பாய்? பையைக் கசக்கி, திருகி, ஒரு கையால் மல்லுக்கட்டிக்கொண்டு தைப்பாய். தோலில் மடிப்பு விழும். சிலிண்டர் மிஷினில் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற கையில் பையைச் சட்டை மாட்டுகிற மாதிரி மாட்டிவிட்டால் போதும், அது தன்னால் சுற்றிவரும். உன் தொழிலுக்கு வேண்டிய மிஷினையே நீ வேண்டாம் என்கிறாய். எங்கள் பட்டறையில் நடந்த ஒன்றை வைத்து அப்படிச் சொல்கிறாய். அன்று நடந்தது என்ன என்று உனக்கும் தெரியாது, உன் அப்பாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். செல்லையாவுக்குத் தெரியும்.

செல்லையாவை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு அவர் ஸ்டூலுக்குப் பின்னால் நிற்பாய். கோட்டையூரில் நாங்கள் பட்டறை போட்ட முதல் வருஷத்திலிருந்து எங்களோடு இருந்தவர். உன் அப்பாவுக்கு ஆர்டர் பிடிக்கத் தெரியும், தோல் பார்க்கத் தெரியும். நான் பி.காம். படித்துவிட்டு வந்தவள், பில் போடவும் ஆட்களிடம் வேலை வாங்கவும் தெரியும். மிஷினைத் தெரிந்தவர் செல்லையா ஒருவர்தான். பஸ் சீட், கார் சீட், பந்தய வண்டி மாட்டுக்குக் கழுத்து வார் எல்லாம் அவர் கையில்தான் உருவாகின.

அந்த சிலிண்டர் மிஷினை வாங்க ஆம்பூருக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். பழைய மிஷின் விற்கிற கடை. வாசலில் பச்சை பெயிண்ட் அடித்துப் பளபளவென்று ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. செல்லையா என் பக்கம் குனிந்து, "பெயிண்டைப் பாத்து மயங்கிராதீக மதினி. வயசை மறைக்கத்தான் மை பூசுவாக" என்றார். உள்ளே இருட்டில், பெயிண்ட் உரிந்து, அழுக்காக நின்ற ஒன்றின் சக்கரத்தை ஒரே விரலால் தள்ளிப் பார்த்தார். தடங்கல் இல்லாமல் சுற்றி நின்றது. ஊசி நிற்கிற கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த தோல் துண்டை எடுத்துத் தைத்தார். கடைக்காரர், "மேல பாருங்க சார், முத்து கோத்த மாதிரி விழுந்திருக்கு" என்றார். செல்லையா அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "மேல பாக்கத்தான் வாங்குறவுக இருக்காகளே பாய். அடியைப் பாக்கத்தான் எங்களைக் கூட்டியாந்திருக்காக" என்றார். கடைக்காரர் சிரித்துவிட்டு எங்களுக்கு டீ சொன்னார்.

அதனால் நீயும் போகும்போது உன் தோலையும் உன் நூலையும் உன் ஊசியையும் எடுத்துக்கொண்டு போ. கடையில் கொடுக்கிற ரெக்ஸின் துண்டு எந்த மிஷினிலும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். நீ தைக்கப் போகிற கனத்தில், இரண்டு தோல் சேருகிற இடத்திலும் நாலு தோல் சேருகிற இடத்திலும் ஏற்றி இறக்கித் தைத்துப் பார். ஊசியும், தோலை அழுத்திப் பிடிக்கிற இரண்டு பாதங்களும் சேர்ந்து தோலை நகர்த்துகிற மிஷினாகப் பார்த்து எடு. அடியில் இருக்கிற பல் மட்டும் நகர்த்தினால் மேல் தோல் பின்தங்கிப்போய், முடிகிற இடத்தில் ஒரு விரல் அகலம் மிச்சம் நிற்கும். பின்தையல் போட்டுப் பார், போன துளையிலேயே ஊசி இறங்கவேண்டும். அடி நூலைப் பிடித்துப் பின்னுகிற பாபின் கேஸும் ஹூக்கும் உன் ஷெட்டிலிருந்து அரை நாளில் போய் வாங்கி வரக்கூடிய தூரத்தில் கிடைக்குமா என்று விசாரி. எவ்வளவு நல்ல மிஷினாக இருந்தாலும், அந்தச் சின்ன இரும்பு கிடைக்காவிட்டால் அது வெறும் மேசைதான்.

மோட்டார் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. பழைய கிளட்ச் மோட்டார் காலை வைத்ததும் பாயும். என் இடது ஆள்காட்டி விரல் நகம் ஏன் இரண்டாகப் பிளந்து வளர்கிறது என்று சின்ன வயதில் கேட்பாய், கதவில் நசுங்கியது என்று சொல்லியிருக்கிறேன். கதவு இல்லை. செல்லையா சாப்பிடப் போன நேரத்தில், எனக்கும் தைக்கத் தெரியும் என்று காட்ட உட்கார்ந்தேன். ஊசி நகத்தின் வழியாக இறங்கி மறுபக்கம் வந்தது. அவர் ஓடிவந்து சக்கரத்தைக் கையால் பின்னால் உருட்டி விரலை எடுத்துவிட்டார். "அண்ணேகிட்ட நான் சொல்ல மாட்டேன், ஊசி போட்டுட்டு வாங்க" என்றார். அவர் சொல்லவில்லை. அடுத்த மாதமே உன் அப்பாவிடம் நச்சரித்து, ஒவ்வொரு தையலாக நடக்கிற சர்வோ மோட்டாரை மாட்ட வைத்தார். காரணம் மட்டும் சொல்லவே இல்லை.

பராமரிப்பைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெள்ளை மிஷின் எண்ணெய் தவிர வேறெதுவும் விடாதே. ஒரு மார்கழியில் எண்ணெய் தீர்ந்துபோய், உன் அப்பா தேங்காய் எண்ணெயை விட்டுவிட்டார். மறுநாள் காலைக் குளிரில் அது உறைந்து, சக்கரம் அசையவே இல்லை. செல்லையா இடுப்பில் கைவைத்து நின்று, "எண்ணெய் தேச்சாச்சு, இனி சடை பின்னிப் பூ வைக்க வேண்டியதுதானே அண்ணே" என்று கேட்டார். உன் அப்பா உட்பட எல்லோரும் சிரித்தோம். தோல் தூசி ஹூக்கைச் சுற்றிப் பஞ்சு மாதிரி அடையும், வாரம் ஒரு தடவை பிரஷ்ஷால் தட்டி எடு. ஊசி உடையும்வரை காத்திருக்காதே, சத்தம் மாறினாலே மாற்று. வேலை முடிந்ததும் பாதத்துக்கு அடியில் ஒரு துண்டுத் தோலை வைத்து இறக்கிவிட்டுப் போ. முக்கியமாக, தினமும் வேலையைத் தொடங்கும் முன் ஒரு துண்டில் தைத்து அடிப்பக்கத்தைப் பார். செல்லையா ஒரு நாளும் தவறாமல் அதைச் செய்வார். துண்டின் பின்னால் பேனாவால் தேதி எழுதி, சுவரில் இருந்த ஆணியில் குத்திவைப்பார். நான் அதைக் கிண்டல் செய்திருக்கிறேன். "எங்க காலேஜ்ல கூட இப்படி அட்டெண்டன்ஸ் எடுக்கல செல்லையா" என்பேன். "இது மிஷினோட அட்டெண்டன்ஸு மதினி" என்பார்.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன் ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவி, மிஷின்களைத் துடைத்து, மாலை போட்டது நான்தான். சிலிண்டர் மிஷினில் பாதத்தைத் தூக்கி அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தேன். பொட்டு வைக்க இடம் தேடினேன். முன்பக்கம் வட்டமாக, வழவழப்பாக, முகம் மாதிரி இருந்தது டென்ஷன் தட்டு. மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற இரண்டு வட்டத் தகடுகள் அவை. சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணீராகவே குழைத்திருந்தேன். பெரிதாகப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். பாதத்தைத் தூக்கி வைத்தால் அந்தத் தகடுகள் விலகி நிற்கும் என்பது எனக்கு அன்று தெரியாது. சந்தனம் நடுவில் இறங்கியிருக்கிறது. ஒரு ராத்திரியில் காய்ந்து கட்டியாகி, தகடுகளைச் சேரவிடாமல் நிறுத்திவிட்டது.

மறுநாள் விஜயதசமி. பந்தய வண்டிக்காரர் ஒருவர் வார் வாங்கிப்போகக் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல நேரம் முடிவதற்குள் முதல் தையல் போடவேண்டும். செல்லையா வழக்கம்போல் துண்டில் தைத்துத் திருப்பிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேலே ஒழுங்காக இருந்தது. அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கியது.

"மேல் நூல் தொளதொளன்னு வருது மதினி. திருகுனா ஒரு நேரம் பிடிக்குது, ஒரு நேரம் விடுது. இந்தப் பொட்டைத் தொடச்சிட்டுத் தட்டைக் கழட்டிப் பாத்துரட்டா? அஞ்சு நிமிஷம்."

"விஜயதசமியும் அதுவுமா பொட்டை அழிப்பாகளா செல்லையா? நாளைக்குக் கழட்டிக்கலாம்."

"வார் மாட்டுக் கழுத்துக்கில்ல போகுது."

"அடியில கம்பளி ஒட்டத்தானே போறோம். யாரு பாக்கப்போறா?"

இந்தக் கடைசி வாக்கியத்தை நான்தான் சொன்னேன், தம்பி. வேறு யார் வாயிலாவது போடலாமா என்று இந்தக் கடிதத்தை எழுதும்போதுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன்.

அவர் அந்தத் துண்டில் தேதி எழுதி ஆணியில் குத்தினார். வாரைத் தைத்துக் கொடுத்தார். ஒரு வரிசைக்கு இரண்டு வரிசையாக ஓட்டினார். பத்து நாள் கழித்து நடந்த பந்தயத்தில், பாதி வழியில், இழுப்புத் தாங்காமல் ஒரு வார் வாய் பிளந்தது. மாடு நுகத்திலிருந்து கழன்று ஓடியது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து வாய்க்காலில் இறங்கி, ஓட்டியவருக்கு மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் வண்டிக்காரர் அந்த வாரைக் கொண்டுவந்து நம் மேசை மேல் வீசினார். நீ அன்று பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்து வாசலில் நின்றாய்.

"யாருய்யா இதைத் தைச்சது? பந்தயத்துக்கு வார் கேட்டா, ஆளைக் கொல்லவா வார் குடுத்தீக? என் மச்சினன் கையைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெடக்கான்."

உன் அப்பா செல்லையாவைப் பார்த்தார். செல்லையா, "மிஷின்ல டென்ஷன் நிக்கலண்ணே. அன்னைக்கே மதினிகிட்ட சொன்னேன்" என்றார்.

உன் அப்பா என் பக்கம் திரும்பினார். "இந்தா, உங்கிட்டச் சொன்னானா?"

வண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். நான், "சொன்ன மாதிரி ஞாபகம் இல்லையே" என்றேன்.

செல்லையா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருஷம் என்னால் தூங்கியிருக்க முடியும். விரலில் ஊசி இறங்கிய அன்று பார்த்த மாதிரிதான் பார்த்தார், என்ன ஆச்சு உங்களுக்கு என்பதுபோல. பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் அப்பா, "தையல் நிக்கலைன்னு தெரிஞ்சும் தைச்சுக் குடுத்தியா? அப்ப நீ என்னத்துக்குடா இங்க இருக்க?" என்று கத்தினார். செல்லையா தன் கத்தரிக்கோலை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு, உன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நம் பட்டறைக்கு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, யாரும் இல்லாதபோது தகடுகளைக் கழற்றினேன். உள்ளே சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தன. ஈரத்துணியால் துடைத்தேன். தைத்துப் பார்த்தேன். இன்று காலை விழுந்த மாதிரியே தையல் விழுந்தது. அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். செல்லையா மேல்தான் தப்பு என்று உன் அப்பா அதற்குள் ஊரெல்லாம் பேசிவிட்டார், இனி அவருக்கும் அவமானம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. படித்தவள் என்று எல்லோரும் கொடுத்த மரியாதையை விட மனசில்லை என்பது மீதிப் பாதி. மிஷின் ராசியில்லாதது ஆனது. அதில் யாரும் உட்காரவில்லை. வாங்கவும் ஆள் வரவில்லை. உன் அப்பா இல்லாத நேரங்களில் அதற்கு எண்ணெய் விட்டுச் சக்கரத்தை உருட்டிவைப்பேன். ஒரு மனுஷருக்குச் செய்யவேண்டியதை இரும்புக்குச் செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

செல்லையா புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் இருக்கிறார். மூட்டைகளின் வாயைத் தைக்கிற வேலை. மேலே தொங்கவிட்டிருக்கிற சின்ன மிஷின், கையில் பிடித்தபடி ஒரு இழுப்பு இழுத்தால் சாக்கு மூடிவிடும். இதைச் சாமான் ஏற்றிவந்த டிரைவர் ஒருவர் சொன்னார். ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து நம் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு அரிசி மூட்டையையும் நான்தான் பிரிக்கிறேன். அந்தத் தையலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் கழன்று வந்துவிடும். தோலுக்குப் போடுகிற தையல் அப்படி வராது. மேல் நூலும் அடி நூலும் நடுவில் பின்னிக்கொண்டு நிற்கும். ஒரு இடத்தில் அறுத்தாலும் மற்ற இடம் தாங்கும். அதைப் போடத் தெரிந்த கை, இழுத்தால் பிரிகிற தையலை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கிறது.

நீ சிலிண்டர் மிஷின் வாங்கு. எது வாங்கினாலும், அதில் உட்காருகிறவர் ஏதோ சரியில்லை என்று சொன்னால், அன்று எந்த நாளாக இருந்தாலும், வாசலில் யார் காத்திருந்தாலும் நிறுத்து. பூஜை போடு, பூ வை. பொட்டை மேசைக் காலில் வை. உன் ஷெட்டில் ஒரு ஆணியும் அடித்து வை.

அந்த ஆணியில் செல்லையா குத்திவைத்த துண்டு என்னிடம் இருக்கிறது. அவர் போன அன்று சாயங்காலம் எடுத்தேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் எடுத்தேன், ஆனால் தூக்கிப்போடக் கை வரவில்லை. என் பி.காம். சர்டிபிகேட் இருக்கிற பைலில், அதற்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பின்னால் அவர் கையெழுத்தில் தேதி இருக்கிறது. அடியில் நூல் இன்னும் வளையம் வளையமாகத்தான் தொங்குகிறது.

இனி சொல்வதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக் காலை அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் புதுவயல் போகிறேன். ஆலையில், மூட்டை அடுக்குகிறவர்கள் நிற்கிற இடத்திலேயே அவரிடம் சொல்லப் போகிறேன். அவரை நான் அவமானப்படுத்தியது நாலு பேர் முன்னால்தான். திரும்பி வா என்று கூப்பிட மாட்டேன், அந்த உரிமை எனக்கு இல்லை. அவர் திட்டினால் நின்று கேட்டுக்கொள்வேன். விஜயதசமி அன்று எல்லோரும் பொரி வாங்க வருவார்கள், அந்த வண்டிக்காரரும் வருவார். அப்போது இந்தத் துண்டை அதே ஆணியில் குத்திவைத்து, அன்று நடந்ததை அத்தனை பேரிடமும் சொல்வேன். அதற்கு நாள் இருக்கிறது. முதலில் நாளைக் காலை இருக்கிறது. நான் சேலை மாற்றிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து உன் அப்பா, "எங்குட்டுப் போற?" என்று கேட்பார். காரைக்குடிக்கு நூல் வாங்க என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன்.

செல்லையாவைப் பார்க்க என்று சொல்வேன். ஏன் என்று கேட்பார். உட்காருங்கள் என்று சொல்லி, துண்டை அடிப்பக்கம் தெரிகிற மாதிரித் திருப்பி, அவர் கையில் கொடுப்பேன்.

உன் அம்மா